வாள், வேல், கட்டாரி, சுருள்வாள்: சங்கிலியன் காலக் கூத்தில எதை ஆர் கையில குடுக்கிறது?

நல்லூர்முற்றம்

எல்லாருக்கும் வணக்கம். 1560இல போர்த்துக்கேய அரசப்பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா கப்பற்படையோட வந்து, சங்கிலியன் ஆண்ட யாழ்ப்பாண அரசின்ர தலைநகர் நல்லூரைப் பிடிச்ச கட்டத்தை வைச்சு ஒரு கூத்து எழுதுறம். சண்டைக் காட்சி மூண்டு இருக்கு. முதலாவது கடற்கரை வெளியில, இரண்டாவது இரண்டு பக்கமும் வேலி அடைச்ச ஒழுங்கையில, மூண்டாவது ஒரு வீட்டுத் தாவாரத்துக்குள்ள.

இப்ப எழுதியிருக்கிறபடி, தளபதி ஒரே வீச்சில மூண்டு வேற்காம்பைத் தறிக்கிறார். பிறகு ஒழுங்கைக்குள்ள இடுப்பில இருந்து சுருள்வாளை உருவிச் சுழட்டுறார். வீட்டுக்குள்ள பெரிய வாளோட நிண்டு கவசம் போட்ட பறங்கியைத் தோளில இருந்து இடுப்பு வரை வெட்டுறார். பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் ஆயுதம் தெரிஞ்ச ஒராள் முன்வரிசையில இருந்து பாத்தால் ஏற்றுக்கொள்ளுவாரோ எண்டதுதான் என்ர பயம்.

துவக்கும் பீரங்கியும் வந்துவிட்ட காலம் எண்டு தெரியும். நான் கேக்கிறது கைக்கெட்டின தூரத்துச் சண்டையை மட்டும். எந்த இடத்தில எது வெல்லும், எது பிழைக்கும், ஏன்? நீளம், பாரம் எல்லாம் அளவோட சொன்னால் பெரிய உதவி.

பனைவைரம்

முதல்ல அந்த வேற்காம்பு தறிக்கிற காட்சியை எடுத்துவிடுங்கோ. நிலத்தில ஊண்டி நிக்கிற கம்பை வெட்டுறது வேற, ஒருவன் கையில தொங்கிக்கொண்டு நிக்கிற கம்பை வெட்டுறது வேற. வாள் பட்ட உடனே காம்பு விலகிக் குடுக்கும், வெட்டின வேகத்தில பாதி அந்த அசைவிலேயே போயிடும். 3 சென்ரிமீற்றர் விட்டமுள்ள முற்றின காம்பில ஒரு கொத்து விழும், அவ்வளவுதான். திரும்பத் திரும்ப ஒரே இடத்தில பட்டால் முறியலாம். ஐரோப்பாவில நீட்டுக்காம்புக் கோடரிகளுக்குத் தலைக்குக் கீழ இரண்டு பக்கமும் இரும்புப் பட்டி இறக்கி ஆணி அடிச்சதும் அதுக்காகத்தான். ஒரே வீச்சில மூண்டு எண்டது நடவாத காரியம்.

இனி வெளியில வேலும் வாளும் சந்திச்சால் என்ன நடக்கும் எண்டு பாப்பம். 80 சென்ரிமீற்றர் அலகுள்ள வாளைக் கை நீட்டிப் பிடிச்சால், தோளில இருந்து முனை மட்டும் ஒண்டரை மீற்றர் வரும். 2.1 மீற்றர் வேலை இரண்டு கையாலயும் அடிக்காம்பில பிடிச்சுக் குத்தினால் அதைவிட அரை மீற்றருக்கு மேல போகும். அந்த அரை மீற்றருக்குள்ள வாள்காரன் ஒண்டும் செய்யேலாது, வேல்காரன் எல்லாம் செய்யலாம். ஒரு எட்டு முன்னுக்கு வைச்சுத்தான் அதைக் கடக்கவேணும். அந்த ஒரு எட்டிலதான் சாவு.

"அப்ப வேலைத் தட்டிவிட்டு உள்ளுக்க போகலாம்தானே" எண்டு கேப்பியள். கணக்கைப் பாருங்கோ. பின்கை அடிக்காம்பில, முன்கை அதுக்கு 60 சென்ரிமீற்றர் முன்னுக்கு. பின்கை 10 சென்ரிமீற்றர் அசைஞ்சால் முனை 25 சென்ரிமீற்றர் ஓடும். வலப்பக்கம் தட்டப் போன வாளுக்குக் கீழால முனை ஒரு வட்டம் போட்டு இடப்பக்கம் வந்து நிக்கும். வேல்காரன் கை அசைஞ்சதே தெரியாது.

ஆனால் வேலுக்கும் குறை இருக்கு. மாங்காய் ஆயிற கொக்கத்தடியை அடிநுனியில பிடிச்சுக் கிடையா நீட்டிப் பாருங்கோ. அரை நிமிசத்தில மணிக்கட்டு வலிக்கும், முனை நடுங்கும். வேலும் அப்பிடித்தான். தலையில 100 கிராம் கூடினால் கையில அது பல மடங்காத் தெரியும். அதால நல்ல வேற்தலை 200, 300 கிராமுக்குள்ள, ஒடுங்கலா இருக்கும். அகலத் தலை வைச்சால் பாரம் கூடும், ஆழமாவும் போகாது. கூத்து மேடையில தூக்குற ஒரு சாண் அகல இலை வேல் கோயிலுக்கு உரியது, சண்டைக்கு உரியதில்லை.

இன்னொண்டு. ஒற்றைக்கையில வேலும் மற்றக்கையில கேடயமும் பிடிச்சால் காம்பை நடுவில பிடிக்கவேணும். நீளத்தில பாதி பின்னுக்குப் போயிடும், அந்த 25 சென்ரிமீற்றர் விளையாட்டும் இல்லை. வாளும் கேடயமும் உள்ளவனுக்கு இவன் பெரிய எதிரி இல்லை. வேலின்ர முனையைத் தாண்டி ஒருதரம் உள்ளுக்க வந்தவனை, காம்பைக் குறுக்க பிடிச்சுத் தள்ளுறதைத் தவிர வேல்காரன் செய்ய ஒண்டுமில்லை.

கேடயம் இல்லாத வாள்காரன் வேல்காரனை வெளியில வெல்லுறது மெத்தக் கஷ்டம். கேடயம் இருந்தால் கதை சமனாகும். எழுதேக்க கேடயத்தை அரை ஆயுதமாகக் கணக்கெடுங்கோ.

கரைவலை

பனைவைரம் அண்ணை சொன்னதோட, எதிர்ப்பக்கம் என்ன வைச்சிருந்தது எண்டதையும் பாக்கவேணும்.

அந்தக்காலப் போர்த்துக்கேயப் படையில நீட்டு ஈட்டிக்காரர் இருந்தவை, துவக்குக்காரர் இருந்தவை, அவையோட வாளும் வட்டக் கேடயமும் பிடிச்ச ஆக்களும் இருந்தவை. அந்தக் கேடயத்துக்கு ரொடேலா எண்டு பேர். அரை மீற்றருக்குக் கொஞ்சம் கூடின விட்டம், முழங்கையில பட்டி மாட்டிப் பிடிக்கிறது. வாள் நேரானது, இரண்டு பக்கமும் கூர், ஒரு கிலோ சொச்சம். கைக்காப்புக்கு முன்னால விரலைக் காக்க வளையம் வைச்சது. வெட்டவும் குத்தவும் ஏலும். தலையில இரும்புத் தொப்பி, வசதி உள்ளவனுக்கு நெஞ்சுக் கவசம்.

உருக்குத் தகட்டுக் கவசத்தை எந்த வாளாலயும் தோளில இருந்து இடுப்பு வரை பிளக்கேலாது. வெட்டு வழுக்கிக்கொண்டு போகும், இல்லாட்டி வாளின்ர கூர் சப்பளிஞ்சு போகும். முகம், கமக்கட்டு, தொடையின்ர உட்பக்கம், முழங்காலுக்குக் கீழ, இந்த இடங்கள்தான் திறந்து கிடக்கும். 1361இல சுவீடனுக்குப் பக்கத்து கோட்லாந்து தீவில விஸ்பி எண்ட ஊரில நடந்த சண்டையில செத்தவையைக் கூட்டாப் புதைச்ச குழியள் தோண்டி எடுக்கப்பட்டிருக்கு. அந்த எலும்புகளில முழங்காலுக்குக் கீழ வெட்டுப்பட்ட தடயம் ஏராளம். காரணம் விளங்கும்தானே? கேடயம் நெஞ்சை மூடும், தலையை மூடத் தூக்கினால் கால் வெளியில வரும். உங்கட தளபதியும் மேல ஓங்கிறமாதிரிக் காட்டி, கேடயம் எழும்பினவுடன கீழ இறங்கி முழங்காலுக்குக் கீழ வெட்டலாம். அதில பிழை பிடிக்க ஒருவராலும் ஏலாது.

இரும்புத் தொப்பிக்கு வாளைவிடக் கதாயுதம் நல்லது. ஆனால் மேடையில காட்டுற பூசணிக்காய்க் கதாயுதம் இல்லை. உண்மையான போர்க் கதாயுதம் முழுசுமே ஒரு கிலோ, ஒண்டரைக் கிலோ வரும். தொப்பி உடையத் தேவையில்லை, அடியின்ர அதிர்வு உள்ளுக்க போனால் ஆள் தலைசுத்தி நிப்பான். குறை என்னெண்டால், பாரம் முழுக்க நுனியில. அடி தவறினால் கை அந்தப் பக்கமே இழுபட்டுப் போகும், திருப்பிக் கொண்டுவாறதுக்குள்ள விலா திறந்து கிடக்கும். குத்த ஏலாது, தடுக்கவும் சரிவராது. கோடரியும் கிட்டத்தட்ட இப்பிடித்தான், ஆனால் அதின்ர தாடையால கேடய விளிம்பைக் கொழுவிக் கீழ இழுக்கலாம். போர்க் கோடரியின்ர அலகு சில மில்லிமீற்றர் தடிப்பில மெல்லிசா இருக்கும். விறகு கொத்துற கோடாலி ஆப்பு மாதிரித் தடிச்சது, அதைக் கொண்டுவந்து மேடையில வைச்சால் தெரிஞ்சவனுக்கு உடனே தெரியும்.

கிட்டிப்புள்

வீட்டுத் தாவாரக் காட்சிக்குக் கட்டாரிதான் சரி. வீட்டுக்குள்ள வளை குறுக்க போகுது, கப்பு நிக்குது, கூரை பதிவு. நீட்டு வாளை ஓங்கினால் வளையில கொத்துப்பட்டு நிண்டிடும்.

கட்டாரியின்ர அமைப்பை வடிவாப் பாத்தால் அதின்ர பலமும் குறையும் தானாத் தெரியும். இரண்டு பக்கமும் முன்கைக்குச் சமாந்தரமா இரண்டு சட்டம் வரும், அதுகளுக்கு நடுவில குறுக்க இரண்டு கம்பி, அந்தக் கம்பியைத்தான் பொத்திப் பிடிக்கிறது. அலகு விரல்மூட்டுக்கு நேர முன்னால நிக்கும். ஒரு சாணில இருந்து இரண்டு சாண் நீளம், பாரம் அரைக் கிலோ அளவில. குத்து விடுறமாதிரி விட்டால் மணிக்கட்டு மடங்காமல் முன்கை, தோள், இடுப்பு எல்லாத்தின்ர பாரமும் முனைக்குப் போகும். சில கட்டாரியளின்ர முனை மட்டும் தடிப்பா இருக்கும். அது இரும்பு வளையச் சட்டையின்ர வளையத்தை நெம்பிப் பிளக்கிறதுக்கு. நெஞ்சுத் தகட்டை அதாலயும் துளைக்கேலாது, கமக்கட்டைத்தான் பாக்கவேணும்.

குறை அதே அமைப்பில இருக்கு. மணிக்கட்டு பூட்டுப்பட்டு நிக்கிறதால வாளைத் திருப்பித் தடுக்கிறமாதிரித் தடுக்கேலாது. பக்கவாட்டு வெட்டில பலமில்லை. கைக்கு அப்பால எட்டுறதும் அலகின்ர நீளம் மட்டும்தான். வெளியில வாள்காரனுக்கு முன்னால கட்டாரியோட நிக்கிறது தற்கொலை. கட்டிப்பிடிக்கிற தூரத்துக்கு வந்தாப் பிறகுதான் அது ராசா. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில இருக்கிற தஞ்சாவூர் ஆயுதசாலைக் கட்டாரியளைப் பாருங்கோ, கனக்க அதுகளில புறங்கையை மூடுற பாய்மர வடிவக் காப்பு இருக்கு. கை திறந்து நிக்கிற குறையை அடைக்கத்தான் அது. அதில சிலதின்ர அலகு ஐரோப்பிய வாளை வெட்டிச் செய்தது. பறங்கியிட்டப் பறிச்ச வாள் உடைஞ்சு, அடுத்த காட்சியில கட்டாரியா வருகிறது எண்டு எழுதினால் அது வெறும் கற்பனையா இருக்காது.

சுருள்வாளை ஒழுங்கைக்குள்ள விடாதேங்கோ. ஒண்டரை மீற்றர் நீளம், இரண்டு விரல் அகலம், ஒரு மில்லிமீற்றருக்கும் குறைஞ்ச தடிப்பில வில்லுருக்குத் தகடு. ஆளைச் சுற்றி இரண்டு மீற்றர் வெளி வேணும். வேலியில கிடுகு, கதிகால், முள்முருக்கு, எதில பட்டாலும் வேகம் செத்து மடங்கித் திரும்பும், திரும்புற இடம் சுழட்டுறவன்ர கை இல்லாட்டி முகம். குத்தேலாது, தடுக்கேலாது, பக்கத்தில ஒரு துணை நிக்கேலாது. கேடயத்தில ஒருதரம் பட்டால் சுழற்சி நிண்டிடும். நிண்ட சுருள்வாள் ஒரு தகரத் துண்டுதான். என்ர முடிவு, முழுசா எடுத்துவிடுங்கோ.

கரைவலை

கிட்டிப்புள் தம்பி, ஒழுங்கையைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் சுருள்வாளை ஒரேயடியாத் தள்ள வேண்டாம். மலையாளத்துக் களரியிலயும் சிங்களவரின்ர அங்கம்பொறப் போர்க்கலையிலயும் அதைக் கடைசிப் பாடமா வைச்சுக் காப்பாற்றினவை. ஒண்டுக்கும் உதவாத சாமானுக்கு அவ்வளவு வருசப் பயிற்சி ஒருவரும் குடுக்க மாட்டினம். கவசம் இல்லாத நாலு பேர் வெளியில சுற்றி வளைக்கேக்க, தனியா நிக்கிற ஒருவன் அவையைத் தூரத்தில வைச்சிருக்க அதைப்போல ஒண்டு இல்லை. கேடயத்து விளிம்பைத் தாண்டி வளைஞ்சு பின்னால தொடுறதும் உண்டு. அதோட இடுப்புப்பட்டியாக் கட்டிக்கொண்டு போகலாம், ஆருக்கும் தெரியாது. கடற்கரைக் காட்சியில, தோழர் எல்லாம் விழுந்த பிறகு, ஒருவன் மட்டும் சுழட்டிக்கொண்டு பின்வாங்குறமாதிரி வைச்சால் பொருந்தும்.

கிட்டிப்புள்

ஓம், பின்வாங்குறதுக்கு எண்டால் ஒத்துக்கொள்ளுறன். வெல்லுறதுக்கு எண்டால் இல்லை.

நல்லூர்முற்றம்

எல்லாருக்கும் மெத்தப் பெரிய நன்றி. காட்சி முழுக்க மாறப்போகுது. இன்னும் இரண்டு கேள்வி. அரசன்ர வாள் வளைஞ்சதா, நேரானதா இருந்தால் சண்டையில என்ன வித்தியாசம்? மற்றது, மேடைக்குச் சாமான் எப்பிடிச் செய்யிறது? கடையில வாங்கின அலங்கார வாள் இரண்டு இருக்கு, அதைப் பாவிக்கலாமோ?

உலைக்களம்

கடைசிக் கேள்விக்கு முதல் பதில் சொல்லுறன், ஏனெண்டால் இதில ஆளுக்கு ஆபத்து. சுவரில மாட்டுற அலங்கார வாளை ஒருநாளும் வீசக்கூடாது. அலகு துருப்பிடிக்காத உருக்கு, பளபளப்புக்காகச் செய்தது, அடிபட்டால் முறியிற சாதி. அதைவிடப் பெரிய பிழை பிடிக்குள்ள. உண்மையான வாளில அலகின்ர வால் அகலமாப் பிடிக்குள்ள முழு நீளத்துக்கும் போய்க் குமிழில அடிச்சு இறுக்கப்பட்டிருக்கும். அலங்கார வாளில பென்சில் மொத்தத்தில ஒரு கம்பியை ஒட்டி, முனையில சுரை போட்டு முறுக்கியிருப்பினம். ஓங்கி வீசேக்க ஒட்டின இடத்தில, சரியாக் கைக்காப்புக்கு உள்ளால, முறியும். அலகு பறந்துபோய்ச் சபையில விழும். குமிழைக் கழட்டிப் பாத்தால் உங்களுக்கே தெரியும்.

மேடைக்கு அலுமினியப் பட்டி எடுங்கோ. 75 சென்ரிமீற்றர் நீளம், 4 சென்ரிமீற்றர் அகலம், 6 மில்லிமீற்றர் தடிப்பு. அது அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறையும். பிடியும் குமிழும் சேர்ந்தால் முக்கால் கிலோ, நடிக்கிற ஆளுக்குக் களைக்காது. கதவு நிலைக்குப் பாவிக்கிற மெத்தின சாதி வளைஞ்சிடும், கெட்டிச் சாதி கேட்டு வாங்குங்கோ. விளிம்பை 3 மில்லிமீற்றருக்குக் கீழ மெல்லிசாக்க வேண்டாம், முனையை ஒரு ரூபாக் குத்தி அளவுக்கு வட்டமா அரத்தால ராவி விடுங்கோ. இரண்டு வாள் விளிம்போட விளிம்பு பட்டால் பிசிறு எழும்பும், அது சவர அலகு மாதிரி வெட்டும். ஒவ்வொரு ஒத்திகைக்குப் பிறகும் துணியால இழுத்துப் பாருங்கோ. நூல் மாட்டுற இடத்தில பிசிறு இருக்கு, அதை ராவவேணும்.

வேற்காம்புக்குப் பனஞ் சிலாகை வேண்டாம். பனையின்ர வைரம் நல்ல உறுதிதான், ஆனால் அடிபட்டால் ஊசி ஊசியாச் சிலாம்பு கிளம்பும், கையில ஏறினால் எடுக்கிறது சீவன் போற வேலை. தடிச்ச பிரம்பு எடுங்கோ. அது முறிஞ்சாலும் தும்புக்கட்டு மாதிரி விரியும், கூராக் குத்தாது. தலையைத் தோலில இல்லாட்டி இறுக்கமான ரப்பரில செய்து சாயம் பூசலாம்.

இனி வளைவா நேரா எண்ட கேள்வி. வளைஞ்ச வாள் இழுத்து வெட்ட நல்லது. பாளைக்கத்தியால பாளை சீவுறதைக் கிட்ட நிண்டு பாத்தவைக்குத் தெரியும், கத்தியை அழுத்துறதில்லை, இழுக்கிறது. கூர் வழுக்கிக்கொண்டு போகேக்க வெட்டு ஆழமா விழும். துணியும் தோலும் போட்ட ஆளுக்கு வளைஞ்ச வாள் பயங்கரம். ஆனால் குத்தப் போனால் முனை கையின்ர நேருக்கு இல்லை, இலக்குப் பிசகும். வடஇந்தியத் தல்வார் வாளில பிடிக்குப் பின்னால ஒரு வட்டத் தட்டு இருக்கும். மணிக்கட்டை மட்டும் மடக்கி வீசினால் அந்தத் தட்டு முன்கையில குத்தும். அதை வைச்சிருக்கிற ஆள் முழங்கையாலயும் தோளாலயும்தான் வெட்டவேணும். பறங்கி மணிக்கட்டால நேர்வாளைச் சுழட்டுவான். மேடையில இரண்டு பேரும் ஒரே மாதிரி வீசினால் பிழை. ஆட்டம் பழக்கிற அண்ணாவியாரிட்ட இதைக் கட்டாயம் சொல்லுங்கோ, உடுப்பைப் பாக்காமலே ஆர் எந்தப் பக்கம் எண்டு தெரியவேணும்.

நேர்வாளில பாரம் எங்க நிக்குது எண்டதுதான் முக்கியம். கைக்காப்பில இருந்து 10, 12 சென்ரிமீற்றரில விரலை வைச்சுச் சமநிலையில நிண்டால் முனை சொன்னபடி கேக்கும். 20க்கு அங்கால போனால் வெட்டுப் பலமா விழும், திருப்ப நேரம் எடுக்கும். அலகின்ர நடுவால ஓடுற பள்ளம் இரத்தம் வடியிறதுக்கு எண்டு கதைப்பினம். அது பிழை. பாரத்தைக் குறைச்சு, விறைப்பை விடாமல் வைச்சிருக்கத்தான் அந்தப் பள்ளம். அலுமினியப் பட்டியிலயும் அப்பிடி ஒண்டு ராவலாம்.

வசனத்தில உருக்கைப் பற்றி ஒரு வரி வைக்க விரும்பினால், தென்னாட்டு உருக்கு மூசை எண்ட மண் கிண்ணத்தில உருக்கினது, கரி ஒண்டரை வீதம் அளவில. தமிழ்நாட்டுக் கொடுமணலில அந்த மூசை வேலையின்ர தடயம் கிடைச்சிருக்கு. எங்கட தீவிலயும் சமனலவெவப் பக்கம் பருவக்காற்றையே துருத்தியா வைச்சு இரும்பு உருக்கினவை, 1,000 வருசத்துக்கு மேற்பட்ட உலைகள். இந்த உருக்கைச் சிவப்புக் கனலிலதான் அடிக்கவேணும். வெள்ளைக் கனலுக்குப் போனால் சம்மட்டி பட்ட உடனே பொடிஞ்சு கொட்டும். ஐரோப்பியக் கொல்லர் கனபேர் இதில தோத்தது சூட்டைக் கூட்டினதாலதான்.

இன்னொண்டு, முதுகில உறையைக் கட்டி வாளை உருவுற காட்சி வேண்டாம். 75 சென்ரிமீற்றர் அலகைத் தோளுக்கு மேலால முழுசா உருவக் கை நீளம் காணாது. இடுப்பில வையுங்கோ.

பனைவைரம்

ஒழுங்கைக் காட்சி இன்னும் வெறுமையாக் கிடக்கு, அதையும் சொல்லிவிடுறன். அந்த இடம் வேலுக்கெண்டே செய்தது. அகலம் ஒண்டரை மீற்றர் எண்டால் வாளைப் பக்கவாட்டில வீசேலாது, மேலால வெட்டலாம், குத்தலாம், அவ்வளவுதான். வேலுக்குப் பக்கவாட்டே தேவையில்லை. எதிரி சுற்றிவரவும் வழியில்லை, முனைக்கு நேர வந்தே ஆகவேணும்.

இரண்டு வேல்காரரை ஒருவருக்குப் பின்னால ஒருவரா நிப்பாட்டுங்கோ. முன்னுக்கு நிக்கிறவன் முழங்கால் மடக்கி, முனையைப் பறங்கியின்ர தொடைக்கு நேர பதிச்சுப் பிடிக்கட்டும். பின்னுக்கு நிக்கிறவன் அவன்ர தோளுக்கு மேலால முகத்துக்கு நேர நீட்டட்டும். கேடயம் ஒண்டுதான் இருக்கு, கீழ இறக்கினால் முகம் போகும், மேல தூக்கினால் தொடை போகும். பின்காரன்ர வேல் முன்காரன்ரதைவிட அரை மீற்றர் நீட்டா இருக்கவேணும், இல்லாட்டி அது எதிரிக்கு எட்டாது.

இதை உடைக்க ஒரு வழி இருக்கு. பறங்கி கேடயத்தை முகத்துக்கு முன்னால சரிச்சுப் பிடிச்சு, வாளால கீழ் வேலை வேலியோட சேர்த்து அமத்திக்கொண்டு உள்ளுக்க பாயவேணும். கிடுகுக்குள்ள முனை மாட்டினால் முன்காரன் அதை இழுத்தெடுக்க ஒரு மூச்சு நேரமாகும். உங்கட தளபதி வேலியைப் பிரிச்சுக்கொண்டு பக்கத்தால வாற இடம் அதுதான். அவரிட்டக் கட்டாரியைக் குடுங்கோ.